பிரானா மனிதனைத் தின்னுமா? கேள்வி பதில்

அலங்கார மீன் வளர்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், பிரானா பற்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹட்டன் அக்கா ஒருவர்: படத்தில் பார்த்துவிட்டு மகன் காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீரில் கால் வைக்கவே பயப்படுகிறான். அங்கே பிரானா இருக்கிறதா?

இல்லை அக்கா. அது அமேசன், ஒரினோகோ, பராகுவே போன்ற தென் அமெரிக்க ஆறுகளின் மீன். நம் நீர்த்தேக்கங்களில் திலாப்பியாவும் கெண்டையும்தான் அதிகம். காசல்ரீயில் பயப்பட வேண்டியது கரைச் சேற்றுக்கும் திடீர் ஆழத்துக்கும். பெரியவர் துணையில்லாமல் பிள்ளையை இறங்க விடாதீர்கள்.

தலவாக்கலை மாணவர்: ஒரு மாட்டையே சில நிமிடங்களில் எலும்பாக்கிவிடுமாமே?

தம்பி, இந்தக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். 1913-14இல் பிரேசிலில் பயணம் செய்தவர், உலகிலேயே மூர்க்கமான மீன் என்று இதை எழுதினார். வலையடைத்துப் பட்டினி போட்ட மீன்களைத்தான் அவருக்குக் காட்டினார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். சாதாரணமாக அது தின்பது சிறு மீன், மற்ற மீன்களின் செதிள், துடுப்பு, பூச்சி, விதை, செத்த உடல். கூட்டமாகத் திரிவதும் வேட்டைக்காக இல்லை. முதலை இனத்துக் கேமன், ஆற்று டொல்பின், நீர்க்காகம் எல்லாம் அதைப் பிடித்துத் தின்பவை. அந்தப் பயத்தில்தான் ஒன்றோடொன்று ஒட்டித் திரிகிறது. ஆற்றில் மூழ்கி இறந்தவரின் உடலை அது கொத்தியிருக்கலாம். உடனே கொன்றது பிரானாதான் என்று ஊர் பேசிவிடும்.

அதே மாணவர்: அப்படியென்றால் கடிக்கவே கடிக்காதா?

கடிக்கும், அதை மறைக்கக் கூடாது. 2013 டிசம்பர் 25 அன்று ஆர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், கடும் வெயிலுக்குப் பரானா ஆற்றில் குளித்த 60 பேருக்கு மேல் கடிபட்டார்கள். அங்கே 'பலொமேட்டா' என்பார்கள், பிரானா இனம்தான். ஒரு சிறுமி விரலின் ஒரு பகுதியை இழந்தாள். பிரேசிலில் அணை கட்டித் தண்ணீர் தேங்கிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. கரையோரச் செடிகளுக்குள் முட்டையிட்டுக் காவல் காக்கும் மீன், பக்கத்தில் வரும் காலை ஒரு கடி கடித்துவிட்டு விலகிவிடும். பெரும்பாலும் ஆளுக்கு ஒரே கடி, அதுவும் பாதத்தில். வறட்சியில் தண்ணீர் வற்றி இரையில்லாமல் அடைபட்டுக் கிடக்கும் குட்டைகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மீனவர்கள் விரலைக் கொடுப்பது தூண்டில் முள்ளைக் கழற்றும்போது. முக்கோணப் பற்கள் மேலும் கீழும் கத்தரி மாதிரி பொருந்துவதால் சதை துண்டாகவே வந்துவிடும்.

பண்டாரவளை வாசகர்: கடையில் 'பிரானா' என்று சிவப்பு வயிற்று மீன் வாங்கினேன். உண்மையானதா?

அநேகமாகப் பாக்கு மீன். குட்டியில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். வாயைக் கவனியுங்கள். பிரானாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் தள்ளி நிற்கும், பல் கூர்மை. பாக்குவுக்கு நம் கடைவாய்ப்பல் போல மொட்டையான பற்கள், கொட்டை உடைத்துத் தின்ன. ஆனால் அது மிகப் பெரிதாக வளரும், வீட்டுத் தொட்டி தாங்காது.

மஸ்கெலியா வாசகர்: என்னுடையது அப்படித்தான் வளர்ந்துவிட்டது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். தொட்டியிலிருந்து வெளியே போன நைஃப் மீனும் டேங்க் கிளீனர் என்ற மீனும் இலங்கை நீர்நிலைகளில் பெருகிவிட்டன, இனி எடுக்க முடியாது. வாங்கிய கடையில் கேளுங்கள், மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். மூடியுள்ள வாளியில் கொண்டுபோங்கள், பொலித்தீன் பை கிழிந்துவிடும்.