கல்யாண டிவிடி பாதியில் நின்றால்

2009இல் பதிவு செய்த அக்காவின் கல்யாண டிவிடி, தாலி கட்டும் வரை ஓடிப் பந்தியில் சிக்கி நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பதிவு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும். விளிம்புதான் பெரும்பாலும் முதலில் கெடும். இந்த டிஸ்க்கில் தகவல் தங்குவது மெல்லிய சாயப் படலத்தில். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்காற்றின் ஈரமும் வெக்கையும் அதற்கு ஆகாது.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அப்புறம் வேறு கொம்பியூட்டரில் போடுங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று வாசிப்பதுண்டு. அதுவும் சரிவராவிட்டால் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற, பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் மென்பொருளை ஓட்டுங்கள்: நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடத்துக்குப் பிறகு வரும். இரவு முழுக்க ஓடினாலும் நிறுத்தாதீர்கள். கிடைத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று அக்கா வீட்டில் இருக்கட்டும்.