அங்கோலாவில் இல்லாத கைதிகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள அங்கோலா சிறை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வெயிலில் பருத்தி பறிக்கும் கைதிகள், குதிரைமேல் துப்பாக்கியோடு காவலர்கள்! அந்த மாநிலக் கைதிகள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்களா?

மு., கரூர்

அன்புள்ள மு.,

இல்லை. 18,000 ஏக்கர் அங்கோலாவை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நானும்தான். ஆனால் லூசியானாவின் தண்டனைக் கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாநிலச் சிறைகளிலேயே இல்லை. பாரிஷ் சிறைகளில் இருக்கிறார்கள். பாரிஷ் என்றால் நம் மாவட்டம் மாதிரி, மொத்தம் 64. அங்கே சிறை, தேர்தலில் ஜெயித்து வந்த ஷெரிஃப்பின், அதாவது பாரிஷின் காவல் தலைவரின் கையில்.

1990களில் மாநிலச் சிறைகள் நிரம்பி வழிந்தன, நீதிமன்றமும் நெருக்கியது. அரசு ஷெரிஃப்களிடம், 'நீங்கள் சிறை கட்டுங்கள், தலைக்கு இவ்வளவு தருகிறோம்' என்றது. ஒரு கைதிக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 டாலர். சாப்பாடு, காவல் செலவு போக மிஞ்சுவதில் ரோந்து வண்டி வாங்கலாம், சம்பளம் போடலாம். கட்டில் காலியானால் நட்டம். அப்புறம் என்ன, லாட்ஜ் கணக்குதான்! ஆள் குறைந்தால் பக்கத்து ஊர்ச் சிறைகளுக்குப் போன் போட்டுக் கைதி கேட்பதை 2012இல் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்று தொடராகவே எழுதியது.

எனக்கு ஆறாதது வேறு. அங்கோலாவில் பெரும்பாலோர் ஆயுள் கைதிகள். லூசியானாவில் ஆயுள் என்றால் பரோல் இல்லாத ஆயுள். பரோல் என்பது அங்கே நம் ஊர் மாதிரி சில நாள் விடுப்பு அல்ல, தண்டனைக் காலம் முடியுமுன்பே நிபந்தனையோடு விடுவிப்பது. வயலில் மணிக்கு 2 சென்ட் கூலிக்கு வேலை வாங்கினாலும் வெல்டிங், மெக்கானிக் வேலை என்று அங்கே கற்றுக்கொள்ள வழி உண்டு. கற்றவர்களில் பலர் வெளியே வரப்போவதில்லை. சில வருடங்களில் வீடு திரும்பப்போகிறவனோ பாரிஷ் சிறையின் பெரிய கூடத்தில், அடுக்குக் கட்டிலில் சும்மா கிடக்கிறான். பயிற்சி கொடுத்தால் அந்த 25 டாலரில்தானே கை வைக்க வேண்டும்?

2017இல் சட்டம் தளர்ந்து கைதிகள் குறைந்தார்கள். 2024இல் திரும்ப இறுக்கிவிட்டார்கள்: ஆகஸ்ட் 1 முதல் செய்யும் குற்றங்களுக்கு, மிகச் சில விலக்குகள் தவிர, பரோல் கிடையாது. ஷெரிஃப்கள் இனி ஆள் கேட்டுப் போன் போட வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.