டைட்டானியத் தண்டில் நர்லிங் ஏன் விழவில்லை?

கேள்வி: என் வீட்டுப் பட்டறையில் உள்ள சிறிய மேசை லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் நர்லிங், அதாவது விரல் வழுக்காதிருக்கப் பதிக்கும் சொரசொரப்பான வரிவடிவம், நன்றாக விழுகிறது. பேனாவின் பிடிப்பகுதிக்காக 12 மி.மீ. கிரேடு 5 டைட்டானியத் (அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த கலவை) தண்டில் அதே டூலை வைத்தால், பல் பாதி ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. தடம் இரட்டையாக விழுகிறது. இன்னும் அழுத்தினால் மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்ந்து மோட்டாரும் நின்றுவிடுகிறது. விலை கூடிய வீல் (வடிவத்தைப் பதிக்கும் பற்சக்கரம்) வாங்குங்கள், இல்லையேல் பெரிய லேத்துக்கு மாறுங்கள் என்கிறார் விற்பவர். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். மாற்ற வேண்டியது வீலைப் பிடித்திருக்கும் ஹோல்டரையும், தொடங்கும் முறையையும்தான். விற்பவர் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. வீல் தினமும் விற்கும், ஹோல்டர் ஒருமுறைதான் விற்கும்.

உங்களிடம் இருப்பது பக்கவாட்டிலிருந்து முட்டி அழுத்தும் டூல் என்பது உங்கள் விவரத்திலிருந்தே தெரிகிறது. அது உலோகத்தை வெட்டுவதில்லை; பள்ளத்தில் இருப்பதை நசுக்கி மேட்டுக்குத் தள்ளுகிறது. பித்தளை அதற்கு இணங்கும். கிரேடு 5 டைட்டானியமோ சாதாரண இரும்பைவிட மிக வலுவானது. அதே சமயம் அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய பாதிதான். எனவே நீங்கள் அழுத்தும்போது அது அமுங்குகிறது, வீல் கடந்ததும் பெரும்பகுதி பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. திரும்பி எழுந்த மேட்டின் மீது வீல் மறுபடி மறுபடி ஓடும்போது மேட்டின் உச்சி மடிந்து உரிகிறது. நீங்கள் கண்ட செதில் அதுதான். இதற்கிடையே அந்த முழு அழுத்தமும் ஒரே பக்கமாக, டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடையும் தண்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கையும் தாக்குகிறது. மோட்டார் நின்றதற்கு நன்றி சொல்லுங்கள், அது பேரிங்கைக் காப்பாற்றியிருக்கிறது.

சிறிய லேத்துக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, மேலும் கீழுமாக இரண்டு வீல்கள் தண்டைக் கவ்விப் பிடிக்கும் கத்தரிக்கோல் வகை; அழுத்தம் இரண்டு வீல்களுக்கு நடுவிலேயே அடங்கிவிடும். மற்றொன்று, வீல் 30 பாகை சாய்ந்து நின்று தன் விளிம்பால் சீவிக்கொண்டு போகும் வெட்டு நர்லிங் ஹோல்டர். இதற்குத் தேவைப்படும் விசை மிகக் குறைவு. கிரேடு 5-க்கு நான் இரண்டாவதையே சொல்வேன். தண்டின் முனையிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெட்டு நர்லிங் வீலின் பக்க விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அழுத்து நர்லிங் வீலின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே அளவில், ஒரே துளையுடன் வருவதால் ஒன்றின் பெட்டியில் மற்றொன்று வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. வீலை நகத்தின் மேல் வைத்து விளிம்பை இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சுரண்டாத விளிம்பு டைட்டானியத்தையும் சுரண்டாது. தங்க நிறப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். ‘எல்லா உலோகங்களுக்கும்’ என்று அச்சிட்ட பெட்டியை நான் தொடுவதே இல்லை. வீலின் வடிவத்துக்கும் நர்லிங் வடிவத்துக்கும் டின் 403, டின் 82 என்று ஜெர்மன் தரநிலைகள் உண்டு. ஆனால் அவற்றைப் படிக்கவே பணம் கட்ட வேண்டும் என்று வைத்திருப்பதால், வாங்குகிறவருக்கு விற்கிறவர் சொல்வதே வேதமாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய சந்தேகம் உங்கள் தண்டைப் பற்றியது. அது கிரேடு 5 என்று யார் சொன்னார்கள்? முழு நீளக் கம்பியில் பொறித்த வார்ப்பு எண் (எந்த உருக்கலில் வந்தது என்று காட்டும் எண்), துண்டு போடும்போது குப்பைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு ஒரே சான்றிதழின் நகல் நூறு துண்டுகளுடன் பயணம் செய்கிறது. ‘விமானத் தரம்’ என்ற பெயரில் ஒருமுறை எனக்கு வந்த 12 மி.மீ. துண்டை 100 மி.மீ. நீளத்துக்கு வெட்டித் தராசில் வைத்தேன். 90 கிராம் காட்டியது. டைட்டானியமாக இருந்தால் 50 கிராமுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். எனக்கு வந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நீங்களும் எடை போடுங்கள். ஆனால் கிரேடு 2-க்கும் (கலப்பில்லாத டைட்டானியம்) 5-க்கும் எடையில் வித்தியாசம் ஒரு கிராம்தான் என்பதால், வீட்டுத் தராசு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதற்கு வார்ப்பு எண்ணும் அதே எண் உள்ள சான்றிதழும் வேண்டும். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இனி வேலை. தண்டின் வெளிமுனையை ரிவால்விங் சென்டரால் (தண்டோடு சேர்ந்து சுழலும் கூர்முனைத் தாங்கியால்) தாங்குங்கள். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 250 சுற்று போதும், 12 மி.மீ. தண்டில் அது நிமிடத்துக்கு 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவான பரப்பு வேகம். டைட்டானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது, சூட்டின் பெரும்பகுதி வீலின் பல்லிலேயே தங்கிவிடும். ஆகவே கட்டிங் ஆயிலைத் தாராளமாக விடுங்கள், வீல் சுழலும் அச்சுக்கும் சேர்த்து. பல் இடைவெளி 0.8 மி.மீ. அல்லது 0.6 மி.மீ. போதும், நுண்ணிய பல்லுக்கு விசை குறைவாகவே வேண்டும்.

இரட்டைத் தடத்துக்கு விட்டக் கணக்கை (சுற்றளவு பல் இடைவெளியால் மீதமின்றி வகுபட வேண்டும் என்பதை) குறை சொல்வார்கள். நேர்பல்லில் 0.8 மி.மீ. இடைவெளிக்கு 11.97 மி.மீ. விட்டம் வைத்தால் சரியாக 47 பல் விழும் என்பது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தயங்கித் தொடங்கியதால் வந்தவை. வீலின் பாதி அகலம் மட்டும் தண்டின் முனையில் படும்படி வைத்து, முதல் சுற்றிலேயே பல் தெளிவாகப் பதியும் அளவுக்கு இறக்கி, ஒரு கணமும் நிற்காமல் ஃபீடைக் கொடுங்கள், அதாவது டூலைத் தண்டின் நீளவாக்கில் நகர்த்துங்கள். ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். உச்சி ஊசியாக வர வேண்டும் என்று மீண்டும் ஓட்டினால் செதில்தான் மிஞ்சும்.

உங்கள் பேனாவைப் பொறுத்தவரை ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நர்லிங்கைத் துளையில்லாத முழுத்தண்டில் போட்டுவிட்டுப் பிறகு துளையிடுவதே முறை. நீங்கள் ஏற்கெனவே துளையிட்டிருந்தால், மெல்லிய சுவர் நர்லிங்கின்போது உள்ளே அமுங்கித் துளை நீள்வட்டமாகும். அப்போது நர்லிங் விழும் நீளத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஒரு எஃகுச் செருகியை, கையால் தள்ளினால் ஆட்டமில்லாமல் நுழையும் அளவுக்குக் கடைந்து, கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். கிரீஸை விட்டுவிட்டால் டைட்டானியம் செருகியைப் பற்றிக்கொள்ளும். பிறகு சுத்தியல் அடி வாங்குவது உங்கள் பேனாதான். செருகியின் ஒரு முனையில் முன்கூட்டியே மரை வெட்டி வையுங்கள். போல்ட்டைத் திருகி இழுத்து எடுக்கலாம். சுவர் ஒரு மி.மீ.-க்கும் குறைவு என்றால் அழுத்து வகை டூலைச் செருகியுடனும் முயல வேண்டாம். முழுத்தண்டில் நர்லிங் போட்டவர்கள் துளையிடும்போது, லேத்தில் தண்டைப் பிடிக்கும் சக்கின் தாடை நர்லிங்கை நசுக்காமலிருக்க, பிளந்த அலுமினிய வளையத்தை இடையில் வைத்துப் பிடியுங்கள்.

சீவலை அன்றன்றே கூட்டி, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். நுண்ணிய டைட்டானியச் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரியமில வாயு அணைப்பானும் உதவாது. காய்ந்த மணல் ஒரு வாளி லேத்தின் பக்கத்தில் இருக்கட்டும்.