சொல்லை மாற்றினால் போதுமா?

கேள்வி: என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், முந்தைய ஆய்வுகளைப் பேசும் இயலுக்குப் பிறர் எழுத்துகளோடு ஒற்றுமை 28% என்று எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் காட்டியது. ஒவ்வொரு வாக்கியத்திலும் சொற்களை மாற்றி 17%-க்குக் கொண்டுவந்தேன். நெறியாளர் "இது இன்னும் அவர்கள் எழுத்துதான்" என்கிறார். வேறு எப்படி எழுதுவது?

பதில்: நெறியாளர் சொல்வது சரி. செய்யுளுக்குப் பதவுரை வேறு, பொழிப்புரை வேறு என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நீங்கள் செய்திருப்பது பதவுரை: சொல்லுக்குச் சொல் வைத்து, வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "கடலோர டெல்டாப் பகுதிகளில் நிலத்தடி நீர் அளவுக்கு அதிகமாக இறைக்கப்படுவதால் கடல்நீர் நீரடுக்குகளுக்குள் ஊடுருவுகிறது, இதனால் பாசன நீரின் உப்புத்தன்மை உயர்ந்து நெல் விளைச்சல் குறையக்கூடும்."

சொல் மாற்றினால் கிடைப்பது: "கரையோர டெல்டாப் பிரதேசங்களில் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படுவதால் கடல்நீர் நீரடுக்குகளுக்குள் புகுகிறது, இதன் காரணமாகப் பாசன நீரின் உவர்ப்பு கூடி நெல் மகசூல் குறைகிறது." வரிசை அதே, காற்புள்ளி விழும் இடம்கூட அதே. அதைவிட மோசம், 'குறையக்கூடும்' என்பது 'குறைகிறது' ஆகிவிட்டது. மூல ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் கட்டியாயிற்று.

இனி இதைப் பாருங்கள்: "டெல்டாவின் கடலோரத்தில் நெல் விளைச்சல் சரிய வாய்ப்பிருப்பதற்குப் பாசன நீர் உவர்ப்பாவதைக் காரணமாக இவ்வாய்வு காட்டுகிறது. நிலத்தடி நீரை மிகையாக இறைக்கும்போது, கடல்நீர் நீரடுக்குகளுக்குள் நுழைய வழி கிடைப்பதே இதன் தொடக்கம்." விளைவில் தொடங்கிக் காரணத்துக்குப் போகிறது; ஒரு வாக்கியம் இரண்டாகியிருக்கிறது. 'நிலத்தடி நீர்', 'நீரடுக்கு' மாறவில்லை. துறைச்சொல்லை மாற்றவே கூடாது.

அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' (செயற்கை நுண்ணறிவு) என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) என்று அச்சான கட்டுரைகளை பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் கியோம் கபானாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் வெளிக்கொண்டுவந்தார்கள். தானாகச் சொல் மாற்றித் தரும் கருவிகளின் கைவண்ணம் அது.

எழுதும் முறை இதுதான். பத்தியை இரண்டு மூன்று முறை படித்து, நான்கைந்து சொற்களில் மட்டும் குறிப்பெடுங்கள். முழு வாக்கியமாகக் குறித்தால் அது பிறகு உங்கள் வாக்கியம் போலவே தோன்றத் தொடங்கும். மூலத்தை மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்து, குறிப்பிலிருந்து எழுதுங்கள். எழுத வரவில்லையா? பத்தி இன்னும் புரியவில்லை, திரும்பப் படியுங்கள். எழுதி முடித்தபின் மூலத்தைத் திறந்து எண், அலகு, ஆண்டு, 'கூடும்' போன்ற தயக்கச் சொற்கள், ஆய்வின் எல்லை ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மூன்று ஊர்களில் கண்டதைத் தமிழ்நாடு முழுவதற்கும் விரித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பத்தியின் கடைசியில் மட்டும் போடாதீர்கள். இரவல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முதல் வாக்கியத்திலேயே பெயர் வரட்டும்.

சதவீதத்தைப் பற்றி: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஒற்றுமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40% வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60%-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய முறையில் காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல் போன்றவை கணக்கில் சேராது. அறிக்கை எடுக்கும்போது அவற்றை விலக்கினார்களா என்று கேளுங்கள். பொது அறிவாகவோ தற்செயலாகவோ அமையும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரைக்கும் விலக்கு உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு பதினைந்தாவது சொல்லை மட்டும் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்!

மென்பொருள் எழுத்தின் ஒற்றுமையைத்தான் எண்ணுகிறது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிப் பெயர் சொல்லாமல் விட்டால் அறிக்கையில் 0% என்றுகூட வரலாம், ஆனாலும் அது திருட்டுதான். வரையறை, சட்டப் பிரிவு, ஒருவர் சொன்ன விதமே முக்கியமான வாக்கியம் ஆகியவற்றை உரைமாற்றவே முயல வேண்டாம். இரட்டை மேற்கோள்குறிக்குள் அப்படியே தந்து, பக்க எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.