ஹோம்கமிங் பிள்ளைகளுக்கு அவ்வளவு முக்கியமா? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

செப்டம்பர் பிறந்துவிட்டால் டல்லாஸ் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்பதெல்லாம் ஹோம்கமிங் பற்றித்தான். இங்கே உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாற்று ஆசிரியையாகப் போய்வருகிறேன். பேண்ட் பெற்றோர் குழுவிலும் இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் இதையெல்லாம் தாண்டிக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

அக்கா, நாங்க சென்னையிலிருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகுது. பொண்ணு ஒன்பதாவது. ஹோம்கமிங் ஹோம்கமிங்னு உயிரை எடுக்கறா. அப்படி என்னதான் அது?

பழைய மாணவர்கள் தங்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்து அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் பார்க்கும் வழக்கமாகத் தொடங்கியது. பேய்லர் 1909-இல், இல்லினாய் 1910-இல், மிசூரி 1911-இல் நடத்தின. யார் முதல் என்று இந்தப் பல்கலைக்கழகங்களுக்குள் இன்றும் போட்டி. பள்ளிகளுக்கு அது பிறகு வந்தது. இப்போது அந்த வாரம் முழுக்கப் படிக்கிற பிள்ளைகளுடையது. தினம் ஒரு வேடம் (ஒரு நாள் பைஜாமாவிலேயே வருவார்கள்), வெள்ளி மதியம் ஜிம்மில் பெப் ராலி (அணியை உற்சாகப்படுத்தும் கூட்டம்), இரவு ஆட்டம், இடைவேளையில் மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ராஜா ராணி அறிவிப்பு, சனி இரவு நடனம்.

பிராம் என்ற நடன விழா வேறு. அது வசந்தத்தில், பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு. ஹோம்கமிங் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு. ஊர் மாறி வந்த உங்கள் மகளுக்கு, இது என் பள்ளி என்று நினைக்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு இது. அனுப்புங்கள்.

ஒரு டான்ஸுக்குப் போகலேன்னா குடி முழுகிடுமா? நாங்கெல்லாம் இது இல்லாமலே படிச்சு முன்னுக்கு வரலையா?

அண்ணா, நடனம் மட்டும்தான் என்றால் உங்கள் கட்சிதான் நான். மேற்பார்வைக்கு நின்று பார்த்திருக்கிறேன். காது கிழியும் பாட்டு, சுவரோரம் கழற்றிப் போட்ட ஹீல்ஸ் குவியல், நடுவே ஒரு கூட்டம் குதிக்கும், மற்றவர்கள் போனோடு நிற்பார்கள். ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குக் கனமானது அதற்கு முன்னும் பின்னும் நடப்பது. மூன்று வாரம் முன்பே மதியச் சாப்பாட்டு மேசையில் 'நீ யார் குரூப்?' என்ற கேள்வி வந்துவிடும். எந்தப் பூங்காவில் போட்டோ, எந்த ஹோட்டலில் சாப்பாடு, யார் வீட்டில் கூடுவது என்று சாட்டில் ஓடும். திங்கள்கிழமை பேச்செல்லாம் அந்தப் போட்டோக்களைப் பற்றித்தான். அதில் இல்லாத பிள்ளைக்கு அன்று பேசச் சேதி இருக்காது. பதினைந்து வயதில் அது சின்ன வலி இல்லை.

அதனால், அனுப்பப் போவதில்லை என்றால் குரூப் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். உடை வாங்கி, இடம் முடிவாகி, கடைசி நாளில் மறுத்தால் பிள்ளைக்கு நண்பர்கள் முன் தலைகுனிவு. நடனத்தை விட்டதை மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

பன்னிரண்டாவது படிக்கிற மகளுக்கு மம் வேணுமாம். கடையில் 300 டாலர் சொல்றாங்க. நியாயமா?

வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மம் என்பது டெக்சாஸ் வழக்கம். முன்பு ஒற்றைச் சாமந்திப்பூவைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். இன்று அது துணிச் சாமந்தி. நடுவில் கரடி பொம்மை, முழங்கால் தாண்டும் ரிப்பன்கள், மினுக்கும் எழுத்தில் பெயர், குட்டி மணிகள், பேட்டரி விளக்கு. பாரம் தாங்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பையன்களுக்குக் கையில் கட்டும் சின்ன மம், அதன் பெயர் கார்ட்டர். அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் யாராவது திரும்பினாலே மணிச்சத்தம்தான், பாடம் ஓடாது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

ஆனால் 300 டாலர் கொடுக்காதீர்கள். யாருடையது பெரிது என்ற போட்டியில் வாங்க முடியாத பிள்ளை கூசிப்போகிறது, இந்த வழக்கத்தில் எனக்குப் பிடிக்காதது அதுதான். ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடையில் பூ, ரிப்பன், மணி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். பசைத் துப்பாக்கியோடு ஒரு ஞாயிறு மதியம் மகளோடு உட்காருங்கள். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு வெள்ளையும் வெள்ளியும்தான் பெரும்பாலும் வழக்கம், பள்ளி நிறத்தில் வாங்கிவிடாதீர்கள்.

ஒரு பையன் போஸ்டர் எழுதி வந்து எங்க பொண்ணை ஹோம்கமிங்குக்குக் கூப்பிட்டிருக்கான். காதலா?

பெரும்பாலும் இல்லை. கூப்பிடும் முறையே இப்போது அப்படித்தான். நண்பர்கள்கூட ஒருவரையொருவர் அட்டையில் எழுதிக் கூப்பிடுகிறார்கள். மகளிடமே கேளுங்கள், திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவாள்.

மகன் போகவே மாட்டேங்கிறான். கவலைப்படணுமா?

பிடிக்காததால் போகவில்லையா, யாரும் கூப்பிடாததால் போகவில்லையா என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது என்றால் விட்டுவிடுங்கள். இதில் துளியும் அக்கறையில்லாத, சந்தோஷமான பிள்ளைகள் எத்தனையோ பேர். இரண்டாவது என்றால் அவனைப்போல இன்னும் இரண்டு பேர் நிச்சயம் இருப்பார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுப் பிரியாணி போடுங்கள், மூவரும் சேர்ந்து போவதும் போகாததும் அவர்கள் பாடு.

நடனம் நவராத்திரி சனிக்கிழமையில் வருது. கொலுவுக்கு எல்லாரையும் அழைச்சாச்சு.

மாலை நான்கு மணிக்குத் தாம்பூலம் தொடங்கிவிடுங்கள். மகள் ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பட்டும். அவள் தோழிகளையும் கொலு பார்க்கக் கூப்பிடுங்கள், போட்டோ அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்.

பதினேழு வயசுப் பையன் கார்ல நண்பர்களை ஏத்திக்கிட்டுப் போகலாமா?

கூடாது. டெக்சாஸில் 18 வயதுக்குட்பட்டவரின் உரிமத்தில், குடும்பத்தைச் சேராத 21 வயதுக்குட்பட்டவர் ஒருவரைத்தான் ஏற்றலாம். நள்ளிரவு முதல் காலை 5 வரை, வேலை, பள்ளி நிகழ்ச்சி, அவசரம் தவிர ஓட்டக்கூடாது. பெற்றோர் முறைவைத்துக் கூட்டிப்போய் வாருங்கள்.

ஆன்ட்டி, நான் ட்வெல்த். ஹோம்கமிங் கோர்ட்டுக்கு, அதான் ராஜா ராணிப் போட்டிக் குழுவுக்கு, என்னை நாமினேட் பண்ணியிருக்காங்க. அம்மா அது வெறும் பாப்புலாரிட்டி போட்டிங்கிறாங்க.

கண்ணம்மா, வாழ்த்துகள். அம்மா சொல்வது பாதி சரி, ஓட்டுதானே. ஆனாலும் உன்னோடு படிப்பவர்கள் உன் பெயரை எழுதியிருக்கிறார்கள், அதில் பெருமைப்படு. பல பள்ளிகளில் இடைவேளையில் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மைதானத்தில் நடக்க வேண்டும். அதை அம்மாவிடம் இன்றே சொல், அவர் வேலையில் விடுப்பு சொல்ல வேண்டியிருக்கும். புல் ஈரமாக இருக்கும், புடவை கட்டினால் கணுக்காலுக்கு மேலே கட்டச் சொல். உன் பெயர், அம்மா, அப்பா பெயர் மூன்றையும் எப்படி உச்சரிப்பது என்று எழுதி அறிவிப்பாளரிடம் வியாழக்கிழமையே கொடுத்துவிடு.