"அவருக்கு வித்தியாசம் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: எனக்கு 38 வயது. கோவையில் வசிக்கிறோம். கணவரின் சம்பளம் 42,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை போக மீதியில்தான் குடும்பம் நடக்கிறது. மாதச் சாமான்களுக்கு மட்டும் 9,000 ரூபாய் ஆகிறது. எங்கள் பகுதியில் மலிவு விலைக் கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். சோப்பு, டீத்தூள், மசாலாப் பொடி, பாத்திரம் துலக்கும் பவுடர் எல்லாம் அங்கே பாதி விலை. மொத்தச் சாமானையும் அங்கேயே வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். "பேர் தெரியாத சாமானை வீட்டுக்குள் கொண்டுவராதே" என்கிறார் கணவர். தோழிகள் வந்து பார்த்தால் அவமானம் என்கிறாள் மகள். அவள் கேட்கிற ஷாம்பு மட்டுமே 340 ரூபாய். இப்போதைக்கு மாமியாருக்கு மட்டும் அந்தக் கடைச் சோப்பும் டீத்தூளும் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்கு வித்தியாசம் தெரியாது. மாமனாரின் மில் பென்ஷன் 1,000 ரூபாயையும் என்னிடமே கொடுத்துவிடுவார், எந்தத் தகராறும் இல்லை. கொஞ்ச நாளாகச் சொறிந்துகொண்டே இருக்கிறார். வயதாகிவிட்டதால் டீயைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிறார். கம்பெனிப் பொருள்களையே தொடர்ந்து வாங்குவதா, மலிவுக் கடைக்கு மாறிவிடுவதா?
— ஒரு வாசகி, கோவை.

பதில்: கம்பெனிப் பொருளா, மலிவுப் பொருளா என்ற கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஊர் மாறும், சம்பளம் மாறும், கேள்வி மாறாது. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "அவருக்கு வித்தியாசம் தெரியாது."

தெரியும், அம்மா. நன்றாகவே தெரியும். அதற்குச் சாட்சியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிடுகிறார் என்கிறீர்கள். சோற்றைப் பாதியில் வைக்கிறார் என்று எழுதவில்லை. இட்லியை மிச்சம் வைக்கிறார் என்று எழுதவில்லை. டீயை மட்டும்தான் வைக்கிறார். அது எந்த நாளிலிருந்து என்று யோசித்துப் பாருங்கள். தனித் தூள் வாங்க ஆரம்பித்த நாளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வடிகட்டும் வெள்ளைத் தாள் ஒன்றில் அந்தத் தூளை ஒரு சிட்டிகை தூவி, தண்ணீர் தெளித்து நனையவிடுங்கள். தூளை எடுத்துவிட்டுத் தாளைக் குழாய்த் தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூளாக இருந்தால் தாளில் கறை இருக்காது. ஒருமுறை கொதித்துச் சக்கையானதைக் காயவைத்துச் சாயம் ஏற்றியிருந்தால் கரும்பழுப்புக் கறை தாளை விட்டுப் போகாது. தூள் நல்லதென்றே தெரிந்தாலும் அதில் ஒரு கப் போட்டு நீங்கள் முழுவதும் குடியுங்கள். பாதியில் வைக்கக் கூடாது.

உங்கள் அத்தை யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மில் தொழிலாளியின் மனைவி. வாரச் சந்தையில் மிளகாயை ஒடித்துப் பார்த்து, பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, மல்லியை மோந்து பார்த்து வாங்கிய தலைமுறை அது. மில் சம்பளத்தில் உங்கள் கணவரைப் படிக்கவைத்து ஆளாக்கியவருக்கு வித்தியாசம் தெரியாதென்றால், பொட்டலத்தின் மேலுள்ள பெயரைப் படித்து வாங்குகிற நமக்கு எப்படித் தெரியும்? தெரிந்தும் அவர் பேசாமல் இருக்கிறார். மகன் வீட்டில் சாப்பிடுகிற தாய்மார்கள் பலருக்கு அந்த மௌனம் பழகிப்போயிருக்கிறது. அதை நீங்கள் "எந்தத் தகராறும் இல்லை" என்று எழுதிவிட்டீர்கள்.

கணக்குக்கு வருவோம், நீங்கள் கணக்கைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஒருவருக்கு மாதம் எத்தனை சோப்பு ஆகும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அவருக்கு மட்டும் டீத்தூள் கால் கிலோகூட ஆகாது. எல்லாவற்றையும் பாதி விலையில் வாங்கியும் அவர் பங்கில் நீங்கள் மிச்சம் பிடிப்பது மாதம் 100 ரூபாயைத் தாண்டாது. அவர் உங்கள் கையில் கொடுப்பது 1,000 ரூபாய். பி.எஃப். பென்ஷனுக்கு 2014-இல் குறைந்தபட்சம் என்று நிர்ணயித்த தொகை அது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அந்தத் தொகை அதே இடத்தில் நிற்கிறது. தனக்கென்று இருக்கிற அந்த ஒரே வருமானத்தை அவர் முழுவதுமாகக் கொடுக்கிறார். மகளின் ஷாம்புக்கு 340 ரூபாய் தாராளமாகப் போகிறது. ஒன்பதாயிரம் ரூபாய்ச் சாமானில் எங்கே வெட்டலாம் என்று தேடி, எதிர்த்துப் பேசாத ஒரே ஆளிடம் வெட்டியிருக்கிறீர்கள். இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காதீர்கள்.

உங்கள் கணவரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பேர் தெரியாத சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாரே, அவருடைய அம்மா இருப்பது எந்த வீட்டில்? குளியலறையில் இரண்டு சோப்புப் பெட்டிகள் இருப்பதை அவர் இதுவரை பார்க்கவில்லையா? பார்த்தும் கேட்கவில்லையென்றால் இந்தத் தவறில் பாதி அவருடையது. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

என் பெரியம்மா கடைசிக் காலத்தில் மகன் வீட்டில் இருந்தார். கிணற்றடியில் ஒரு கொட்டாங்குச்சியில் அவருடைய சோப்பு இருக்கும். துணி சோப்பில் வெட்டிய துண்டு. மற்றவர்களுடைய சோப்பு உள்ளே மாடத்தில் மூடிபோட்ட பெட்டியில் இருக்கும். எனக்கு அப்போது இருபது வயது, எல்லாம் புரிகிற வயதுதான். அண்ணனிடம் கேட்கவும் இல்லை, போகும்போது ஒரு நல்ல சோப்பு வாங்கிக்கொண்டு போகவும் இல்லை. அந்தக் கொட்டாங்குச்சியை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

இனி, உங்கள் கேள்வி. பெயரைப் பார்த்து வாங்குவதும் தவறு, விலையைப் பார்த்து வாங்குவதும் தவறு. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் பின்பக்கம் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். கட்டியில் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் எண் அது. டாய்லெட் சோப் என்று விற்பதில் 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 என்றால் இரண்டாம் தரம், 60 என்றால் மூன்றாம் தரம். எண் குறையக் குறைய நிரப்புப் பொருள் கூடும். கட்டி சீக்கிரம் ஊறிக் கூழாகிவிடும். நாலு ரூபாய் குறைவென்று வாங்கியது பத்து நாள் முன்னதாகவே தீர்ந்துபோகும். சில உறைகளில் டாய்லெட் சோப் என்று இருக்காது, பேதிங் பார் என்றிருக்கும். அதற்கு இந்த முதல், இரண்டாம் தரமெல்லாம் கிடையாது. தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் வருகிற சில கட்டிகளும் பேதிங் பார்தான். விளம்பரமே இல்லாத சில கட்டிகளில் முதல் தரம் என்று தெளிவாக அச்சிட்டிருக்கும். அப்படி ஒன்றை மலிவுக் கடையிலேயே தேடி எடுத்து வீடு முழுவதற்கும் வாங்குங்கள். கணவர், மகள், அத்தை, நீங்கள், நால்வருக்கும் அதே சோப்பு.

அத்தையின் அரிப்பையும் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். வயதானால் தோலில் எண்ணெய்ப் பசை குறைந்துவிடும், காரம் கூடிய சோப்பு அதை இன்னும் வறட்டிவிடும். அது சோப்பினால்தான் என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. சர்க்கரை நோயிலும் அரிப்பு வரும். சிறுநீரகக் கோளாறிலும் வரும். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வாரமே போங்கள். கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வரட்டும்.

டீத்தூளுக்கு ரேஷன் கடையில் ஊட்டித் தேயிலை கிடைக்கிறதா என்று கேளுங்கள். நீலகிரியின் சிறு விவசாயிகளுடைய கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலிருந்து வருவது அது. உங்களுக்கு ரேஷன் அட்டை இருக்கிறதா என்றே நீங்கள் எழுதவில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிற இடத்தை விட்டுவிட்டு ஒரு மூதாட்டியின் சோப்பில் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வரிசையில் நிற்க மகளை அனுப்புங்கள். தோழிகள் பார்த்தால் பார்க்கட்டும். அப்பாவின் சம்பளம் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று பதின்ம வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மசாலாப் பொடிக்குக் கம்பெனியும் வேண்டாம், மலிவுக் கடையும் வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் விளைகிற சீமையில் இருந்துகொண்டு பொட்டலத் தூளுக்கு ஏன் போகிறீர்கள்? விரலி மஞ்சளும் மிளகாயும் மல்லியும் முழுதாக வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொண்டு வாருங்கள். எதற்கு எது எவ்வளவு என்ற பக்குவத்தை அத்தையிடம் கேளுங்கள்.

உப்பு, சர்க்கரை, பினாயில், துடைப்பம், வாளி, பாத்திரம் துலக்கும் பவுடர் எல்லாம் மலிவுக் கடையிலேயே வாங்கலாம். உப்பில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாப்பிடுகிற எந்தப் பொட்டலமானாலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தயாரித்தவர் பெயரையும் படியுங்கள். கடைக்காரரின் சொந்தப் பெயரில் வருகிற பல பொருள்களை வேறொரு தொழிற்சாலை செய்து கொடுக்கிறது. பெரிய கம்பெனிகளும் சிலவற்றை அப்படித்தான் செய்து வாங்குகின்றன.

நெருப்பும் மின்சாரமும் தொடுகிற பொருளில் மட்டும் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காதீர்கள். கேஸ் டியூப், குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாகவும் அச்சிடுகிறார்கள், எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். கேஸ் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அடுத்த மாதச் சாமான் பட்டியலை எழுதும்போது அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். முதலில் "எனக்கென்ன தெரியும், நீயே பார்த்துக்கொள்" என்பார். விடாமல் கேளுங்கள். அந்த 1,000 ரூபாயில் 300 ரூபாயையாவது அவர் சுருக்குப்பையிலேயே இருக்கவிடுங்கள். பேத்திக்கு எதையாவது வாங்கிக்கொடுக்க அவருக்கும் கையில் காசு வேண்டும்.

மகளின் ஷாம்பு பாட்டில் தீர்ந்ததும் அடுத்ததை வாங்காதீர்கள். அரப்புத் தூள் எங்கே கிடைக்கும் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கும்.

குளியலறையில் இருக்கிற அந்த இரண்டாவது சோப்புப் பெட்டியை இன்றிரவே எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் கட்டிகளைக் கரித்துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில் டீ போட்டு, முதல் டம்ளரை அத்தையிடம் கொடுங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.