வயல் நீரில் வளையங்கள்: ஒளிப்பதிவு கேள்வி - பதில்

கேள்வி: சம்பா நடவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்து வருகிறோம். 500 மி.மீ. குவியத்தூரமும் எஃப்8 திறப்பும் கொண்ட பழைய ரஷ்ய மிரர் லென்ஸ் (ஆடி வைத்த லென்ஸ்) ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. காலை வெயிலில் எடுத்தால், ஆட்களுக்குப் பின்னால் வயல் நீர் மின்னும் இடமெல்லாம் வளையம் வளையமாகத் தெரிகிறது. லென்ஸில் பழுதா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படிப்பட்டது. முன்கண்ணாடி வழியே புகும் ஒளி, பின்னால் உள்ள குழியாடியில் பட்டுத் திரும்பி, முன்பக்க நடுவில் இருக்கும் சிறிய ஆடியில் மீண்டும் எதிரொளித்து, குழியாடியின் நடுத்துளை வழியாகக் கேமராவை அடைகிறது. சோவியத் ஒளியியல் அறிஞர் மக்சுடோவ் 1941-இல் வகுத்த அமைப்பு இந்த வகையில் புகழ்பெற்றது. ஒளி மடிந்து மடிந்து செல்வதால், நீண்ட குழலாக இருக்கவேண்டிய லென்ஸ் ஒரு செம்பின் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் நடுவில் நிற்கும் அந்தச் சிறிய ஆடி ஒளியை மறைக்கிறது. ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒளிப்புள்ளி எப்போதும் லென்ஸின் திறப்பு எந்த வடிவமோ அந்த வடிவத்தையே எடுக்கும். நடு மறைந்த திறப்பில் அது உளுந்து வடை போலத் துளையுடன் விழுகிறது. கோரையும் தென்னங்கீற்றும் இரட்டைக் கோடுகளாகப் பிரிவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே லென்ஸை மாற்றுவதற்கு முன் நீங்கள் நிற்கும் வரப்பை மாற்றிப் பாருங்கள். நாற்றுகளுக்கு இடையே தேங்கிய நீர் சூரியனை நேரே உங்கள் பக்கம் திருப்பும்போதுதான் வளையங்கள் மொய்க்கின்றன. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படியும், பின்னணியில் தூரத்துத் தோப்பின் கரும்பச்சை வரும்படியும் நின்றால் பெரும்பாலும் மறைந்துவிடும். மார்கழிப் பனிமூட்டம் இந்த லென்ஸுக்கு நல்ல பின்னணி. முன்கண்ணாடியில் பனி படியாமல் நீளமான ஹூட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நடுமறைப்பால் கான்ட்ராஸ்ட் சற்றுக் குறையும், அதைக் கிரேடிங்கில் (படமெடுத்த பின் நிறத்தையும் ஒளியையும் திருத்தும் வேலையில்) ஓரளவு சரிசெய்யலாம். இன்னொரு பக்கம், ஆடி நிறங்களைப் பிரிப்பதில்லை என்பதால் இருண்ட பின்னணியில் பறக்கும் வெள்ளைக் கொக்கின் சிறகோரத்தில் ஊதா விளிம்பு அநேகமாக வராது. பழைய சாதாரண டெலிஃபோட்டோவில் அதே காட்சியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சூப்பர் 35 அளவு (சுமார் 25 மி.மீ. அகல) சென்ஸாரில் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் அகலம் மட்டுமே சட்டத்துக்குள் வரும். 10 மீட்டரில் கூர்மையாக நிற்கும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. நாற்று முடியைப் பிரிக்கும் விரல்களை எடுக்கிறீர்கள் என்றால், அந்த அம்மா ஓரடி பின்வாங்கினாலே ஃபோகஸ் போய்விடும். அகலமான ஃபோகஸ் வளையத்தையும் நிறையத் திருப்பவேண்டியிருக்கும். ஃபோகஸ் புல்லரும் (ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும் உதவியாளர்) நீங்களும் நடவு வரிசை நகரும் வேகத்தைப் படமெடுக்காமல் அரைமணி நேரம் பார்த்துப் பழகிக்கொள்வது அவசியம். லென்ஸ் இலேசானது என்பதற்காக டிரைபாடையும் இலேசாகக் கொண்டுபோகாதீர்கள்; காற்றில் படம் நடுங்கும்.

கேள்வி: இந்த மிரர் லென்ஸில், ஒளி புகும் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸே இல்லையே, வெளிச்சத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது? (திருவையாறு வாசகர்)

பதில்: நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டரால்தான். நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃபிரேமின் நேரத்தில் பாதி மட்டும் ஒளி பதிவது) என்றால் எக்ஸ்போஷர் நேரம் 1/48 நொடி. உச்சி வெயிலில் எஃப்8-க்கு ஐ.எஸ்.ஓ. (சென்ஸாரின் ஒளியுணர்திறன்) 12 அளவே போதும். நீங்கள் 800-இல் வைத்திருந்தால் ஆறு ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). நடுமறைப்பாலும் ஆடிகளாலும் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை ஒளி தானாகவே குறைவதால், ஐந்து ஸ்டாப் குறைக்கும் 1.5 என்டி பெரும்பாலும் சரியாக வரும். ஷட்டரைக் குறுக்கிச் சமாளிக்காதீர்கள். பறவையின் சிறகடிப்பு வெட்டி வெட்டித் தெரியும். பின்புறம் சிறிய ஃபில்டர் இருக்கும் லென்ஸாக இருந்தால், அது ஒளியியல் அமைப்பின் ஒரு பகுதி. என்டி தேவைப்படாதபோதும் அங்கே தெளிவான கண்ணாடி ஃபில்டரைப் போட்டே வைக்கவேண்டும்.

கேள்வி: கோடியக்கரையில் பூநாரைகளை நண்பகலில் எடுத்தபோது, தண்ணீருக்கு அடியில் நிற்பவை போல நெளிந்தன. (வேதாரண்யம் வாசகர்)

பதில்: அது கானல். உப்பளமும் சேற்றுவெளியும் சூடேறிய பிறகு, எந்த விலை லென்ஸாலும் அந்தக் காற்றைத் தாண்டிக் கூர்மையாகப் பார்க்க முடியாது. விடிந்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து முடியுங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பி முடிவிலி என்று நம்பிவிடவும் வேண்டாம். வெப்பத்தில் உலோகம் விரிவதை ஈடுகட்ட, மிரர் லென்ஸ்களின் வளையம் முடிவிலியையும் தாண்டிச் சுழலும். மானிட்டரில் படத்தைப் பெரிதாக்கி, பறவையின் அலகைப் பார்த்தே கூர்மையை முடிவு செய்யுங்கள்.